ஸ்காட்லாந்துக்காரரின் பூங்கொத்து

“இந்தத் தடவையும் அவன் முந்திக்கிட்டான், பாலா!”

மனைவி வத்சலாவின் கல்லறை மேல் மஞ்சள் பூங்கொத்து ஒன்று இருந்தது. ரவிச்சந்திரன் தன் பூக்களைக் கீழே வைக்கவில்லை.

அஸ்தியைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ள விடாத நாடு ஜெர்மனி. டோர்ட்மண்டின் இந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. ஒவ்வொரு நினைவு நாளிலும் கணவனுக்கு முன்பே யாரோ வந்து பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

“தோட்டக்காரரை விசாரிச்சேன்டா,” என்றான் பாலச்சந்திரன். “ஆள் ஸ்காட்லாந்துக்காரராம். 1965ல இங்க பிரிட்டிஷ் மிலிட்டரி கேம்ப்ல கேப்டன். அந்த வருஷமே ஆர்மியை விட்டுட்டு அவங்க ஊர் போலீஸ்ல சேர்ந்துட்டாராம். இப்போ ரொம்பப் பெரிய ஆபீசர். ரோந்து வண்டி எல்லாத்துலயும் கயிறு இருந்தே ஆகணும்னு ஆர்டர் போட்டாராம். பேப்பர்லகூட கிண்டல் பண்ணாங்களாம்.”

“அவ செத்த வருஷமே ஆர்மியை விட்டானா? அவ்வளவு துக்கமா அவனுக்கு?”

“டேய், செத்தவ மேல சந்தேகமா?”

“ஒரு கேப்டனைத் தெரியும்னு அவ சொன்னதே இல்லையே! அதான் வயிறு எரியுது. இன்னைக்கு விடமாட்டேன்.”

“போலீஸ் அதிகாரியையே விசாரிக்கப் போறியா? அதோ, பெஞ்சுல உக்காந்திருக்கார். போ.”

ரவிச்சந்திரன் இடது காலை இழுத்து இழுத்து நடந்துபோய் அவர் முன்னால் நின்றான். ஆங்கிலத்தில் கேட்டான்:

“என் மனைவியை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நரைத்த மீசைக்காரர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். “தெரியாது. பெயரே மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.”

“பெயர் தெரியாதவளுக்கு வருஷா வருஷம் பூவா? அவளுக்காகத்தானே ராணுவத்தை விட்டீர்கள்?”

“ஆமாம்.”

கையிலிருந்த பூக்கள் கசங்கின. “அப்படி என்னதான் சொன்னாள் உங்களிடம்?”

“எதுவும் சொல்லவில்லை. உங்கள் கார் கால்வாயில் மூழ்கிக்கொண்டிருந்தது. நீங்கள் நினைவில்லாமல் கிடந்தீர்கள். என்னிடம் கயிறு இல்லை, ஒருவரைத்தான் இழுக்க முடியும். நான் உங்கள் மனைவியை நோக்கித்தான் கையை நீட்டினேன். அவர் உங்கள் கையை எடுத்து என் கையில் வைத்தார்.”