மஞ்சள் துலிப்பின் உள்தோல்

ஆட்டிடையர் துலேபாய் ஜனிலின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். மண்வாரி தரையைத் தொடவில்லை.

"பச்சையா நிக்கிறதைப் பிடுங்கினா நாமளும் பச்சையிலேயே வாடிடுவோம். நீயும் கசாக் பொண்ணுதானே தங்கச்சி, உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தார்கள். ஜனிலுக்கு வெட்கமாகப் போயிற்று.

தாவர ஆய்வாளரான அவள் ஆறு வசந்தங்களாகத் தேடிய பூ அது. புல்வெளி முழுக்க மஞ்சள் துலிப் மலிந்து கிடக்கிறது. இந்தக் கிளையினம் மட்டும் அரிது. பூவைப் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். கிழங்குத் தோலின் உள்பக்கம் கம்பளி போல் மயிர் இருந்தால்தான் இது அந்த அரிய வகை.

திங்கட்கிழமை கல்குவாரி இயந்திரங்கள் வருகின்றன. அதற்குள் பெயர் உறுதியானால் சரிவைச் சுற்றி அரசு வேலி வந்துவிடும். இல்லையென்றால் சரிவே இருக்காது.

இருபத்து மூன்று செடிகள் இருக்கின்றன, ஒன்றே ஒன்றைத் தோண்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள்.

"தோலுதானே வேணும்? உரிச்சுப் போடத்தான் ஆள் இருக்கே."

அவர் கைகாட்டிய இடத்தில், செடிகளின் நடுவிலேயே ஒரு பொந்து. தரையணில் கிழங்கைத் தின்றுவிட்டுத் துப்பிய தோல்கள் அதன் வாசலில் வெங்காயச் சருகாய்க் கிடந்தன. இத்தனை படித்தும் இது தோன்றவில்லையே என்று ஜனில் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒன்றைத் திருப்பி லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

கம்பளி. அடர்த்தியாக.

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பொந்துக்கு நன்றி சொன்னாள். துலேபாய்க்குச் சொன்னாள். இடத்தைக் குறித்துக்கொண்ட ஜி.பி.எஸ். கருவிக்கும் ஒரு நன்றி சொன்னாள். அவர் சிரித்தார்.

"இந்தப் பூ இங்க இருக்குன்னு இவ்வளவு நாளா ஒருத்தர்கிட்டயும் வாயே திறக்கலையேண்ணே. இப்ப மட்டும் ஏன் ஆள் விட்டுக் கூப்பிட்டீங்க?"

"வேலி வந்தா என் ஆட்டுக்கு இங்க இடமில்ல தங்கச்சி, அதான் திறக்கல. குவாரி வந்தா பூவுக்கும் இல்லியே."

சொல்லிவிட்டுக் குதிரையை அவிழ்க்கப் போனார்.

ஜனில் எழுந்து சரிவின் மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். காலையில் தன்னை ஏன் சுற்றுவழியில் கூட்டி வந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கீழே துலேபாயின் கூடாரம் பிரிக்கப்பட்டிருந்தது. பாதிச் சாமான் வண்டியில் ஏறிவிட்டது. மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல், அவர் மனைவி கூடாரக் கம்பளத்தைத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனில் பையை அங்கேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.