சாளைமீன் தலை

கனகபாயின் வெள்ளைப்பூனை சுந்தரி, ஒரு மாதமாகப் பக்கத்து வீட்டு ஷீபாவிடமே கிடந்தது. இன்று காலை ஷீபாவின் வாசலில் அது வலிப்பு வந்து துடிக்க, கனகபாய் கூடையில் அள்ளிப்போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். ஷீபாவும் பின்னாலேயே வந்தாள்.

"டாக்டர், எல்லாம் இவதான்! சாளமீன் தலையக் காட்டி எம் பூனைய மயக்கினா. இப்ப வெஷமும் வச்சிட்டா."

டாக்டர் பூனையின் முதுகை முகர்ந்தார். "வீட்ல நாய்க்கு உண்ணி மருந்து போட்டீங்களா?"

"என் வீட்டுல நாயே கெடையாது," என்றாள் ஷீபா.

கனகபாயின் குரல் இறங்கியது. "நேத்து எங்க டைகருக்கு நாந்தான் விட்டேன். பூனைக்கு ஒரு சொட்டுகூட விடல்ல."

"அந்த மருந்து பூனைக்கு விஷம். நாயோட ஒட்டிப் படுத்தாலே போதும். குளிப்பாட்டி ஊசி போட்டா பிழைச்சிடும்." வெள்ளை ரோமத்திலிருந்து ஒரு செம்பட்டை முடியை உருவினார் டாக்டர். "இது டைகரோடதுதானே?"

"அது எப்பிடி? சுந்தரி எங்க வீட்டுப் பக்கமே வாறதில்லியே!"

ஷீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திங்க மட்டுந்தான் அக்கா எங்கிட்ட வரும். கதவ அடைச்சு வச்சும் பாத்தேன். ராத்திரி உறங்க ஒங்க டைகரோட கூட்டுக்குத்தான் ஓடும்."