முழுகாமல் இருப்பவள்

பிள்ளை பிறக்குமுன் மனைவிக்குப் பிரைட்டன் கடலைக் காட்டியே தீருவேனென்று யோகலிங்கம் ஒற்றைக்காலில் நின்றான். லண்டன் பிளேஸ்டோ வீட்டுப் போனைக் கழற்றி வைத்தான். வாசலில் வந்து நின்ற சொந்தக்காரரையும், "அவ முழுகாமல் இருக்கிறா, இப்ப வராதேங்கோ" என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினான்.

பிரைட்டன் கரையில் சிவமலர் குனிந்து, கடல்நீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினாள்.

"விசரே உமக்கு? இந்தக் குளிருக்குள்ள!" பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"நீங்கள் போனைக் கழட்டமுதலே கொழும்பிலயிருந்து கோல் எடுத்துச் சொல்லிட்டினம். என்ரை அண்ணை ஷெல் விழுந்து செத்துப்போனாராம்."

அவன் பிடி தளர்ந்தது.

"முழுகாமல் இருக்கிறவளுக்குச் செத்தவீடு சொல்லக்கூடாதெண்டு எவ்வளவு பாடுபட்டனீங்கள்! நான் அண்ணைக்கு முழுகிட்டனப்பா. இனி ரெண்டு பேரும் வாய்விட்டு அழுவம்."