நாளைய தேதி

முத்திரையில் நாளைய தேதி இருந்தது.

அவள் தாளைக் கையில் எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். மை இன்னும் காயவில்லை. தேதி நாளையதுதான்.

கவுண்டருக்குள் இருந்த குமாஸ்தா அதற்குள் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டான். நாலே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் ஆறரைக்குத்தான். அந்த பஸ்ஸுக்காகத்தான் இத்தனை பறப்பும் என்பது அவளுக்குத் தெரியும்.

கோர்ட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது. தாக்கல் நேரம் ஐந்து வரை.

சம்மன் அவள் கைக்கு வந்து இன்றோடு தொண்ணூறு நாள். வழக்குப் போட்டவன் கூடப் பிறந்த தம்பி. அவள் குடியிருக்கும் வீடு முழுக்கத் தனக்கே சொந்தமாம், அக்கா சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறாளாம். ஒட்டிக்கொண்டிருக்கிறாளாமே! வேலைக்கும் போய்க்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பதினோரு வருஷம் பார்த்தது யார்?

அதையெல்லாம் பதினாலு பக்கத்தில் எதிருரையாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். தொண்ணூறு நாள் தாண்டிவிட்டால் அந்தப் பதினாலு பக்கமும் வெறும் காகிதம். தம்பி சொல்வதை மட்டும் கேட்டு நீதிபதி தீர்ப்பு எழுதிவிடுவார்.

எண்பது நாளை 'பாத்துக்கலாம்மா' என்றே ஓட்டிவிட்டார் வக்கீல். எண்பத்தோராம் நாள் அவரிடமிருந்து வழக்குக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அவளே உட்கார்ந்து எழுதினாள்.

"சார், தேதி தப்பா விழுந்திருக்கு" என்றாள்.

அவன் வயசுக்குத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்தச் சொல் தொண்ணூறு நாளாக அவள் வாயில் வருவதில்லை.

அவன் நிமிராமலே ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினான். பழுப்பேறிப்போன அட்டை. எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி அழகு. 'நான்கு மணிக்கு மேல் தரப்படும் தாள்களுக்கு மறுநாள் தேதி இடப்படும்.'

"நான் இங்க வர்றதுக்கு முன்னாடியிருந்தே இப்படித்தாம்மா. ரூல்ஸ்."

சொல்லிக்கொண்டே ஜன்னல் கதவை இழுத்தான்.

அவள் முழங்கையைப் பலகையில் ஊன்றினாள். கதவு கையில் இடித்து நின்றது. வலி சுரீரென்றது. கையை எடுக்கவில்லை.

இதே பலகையில் ஒருமுறை ஒரு சைக்கிள் கடைக்காரர் கை வைத்தார். விரலெல்லாம் கிரீஸ். கடையைக் காலி செய்யச் சொன்ன வழக்கில் அவருக்கும் அன்றுதான் கடைசி நாள்.

ஜன்னல் மூடிக்கொண்டது. கடையும் போயிற்று.

அந்த விரல்களை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"இது எந்தச் சட்டத்துல இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் பேசாம போயிடறேன்."

எழுதிக் கொடு என்று கேட்டால் எந்த ஆபீசும் பின்வாங்கும். அவன் அட்டையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் ஒரு தாளைச் சுருட்டிப் பிடித்தபடி நின்ற லாரி டிரைவரைப் பார்த்தான். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஓரடி முன்னால் வந்து நின்றார்.

"ஸ்டாம்புல அந்தச் சக்கரத்த ஒரு பல்லு பின்னால திருப்புங்க. தப்பா விழுந்தத அடிச்சுட்டு, பக்கத்துல இனிஷியல் போடுங்க. ரிஜிஸ்டர்லயும் திருத்துங்க" என்றாள் அவள்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினான். முத்திரை டொக்கென்று விழுந்தது.

இன்றைய தேதி.

வீடு ஒன்றும் கைக்கு வந்துவிடவில்லை. ஆனால் இனி அவள் சொல்வதைக் கேட்காமல் யாரும் தீர்ப்பு எழுத முடியாது. கை இன்னும் விண்ணென்று வலித்துக்கொண்டிருந்தது.

முத்திரை விழுந்த தன் பிரதியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக ஜன்னலுக்குள் கையை விட்டாள். அட்டையின் மூலையை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் கிழித்தெடுத்தாள்.

குமாஸ்தா துள்ளி எழுந்தான். "ஆபீஸ் நோட்டீஸ்ம்மா அது! கிழிக்கறதுக்கு நீங்க யாரு?"

"உங்க நாற்காலியில உக்காந்து இத எழுதினவ" என்றாள்.

அட்டையை இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டு, டிரைவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.