கண்ணன் முகத்துக் கரி

கோயில் ஓவியத்தில் தவழும் கண்ணனின் முகமெல்லாம் நூறு வருஷத்து விளக்குப் புகை அப்பிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்ய வந்த தில்லைநாயகி பதினொரு கரைசல்களைச் சோதித்துவிட்டாள். எல்லாமே கரியோடு சேர்த்து நீல வண்ணத்தையும் தின்றன. எச்சிலில் உள்ள நொதி அழுக்கை மட்டும் கழற்றும் என்று எப்போதோ படித்தது ஞாபகம் வர, பஞ்சை நாக்கில் நனைத்துத் துடைத்தாள். கன்னம் பளிச்சென்றது. அந்த நேரம் பார்த்துத் தர்மகர்த்தா உள்ளே வந்தார்.

“பிரமாதம்மா! என்ன மருந்து போட்டே?”

அவள் பஞ்சைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள். எச்சில் என்று தெரிந்தால் மனுஷர் ஊரையே கூட்டிவிடுவார்.

அவரோ ஓவியத்தருகே குனிந்தார். “அடடே, மோவாயில இன்னும் ஒட்டியிருக்கே என் ராசாவுக்கு!” என்றபடி, துண்டு நுனியை நாக்குக்குக் கொண்டுபோனார்.