பட்டாம்பூச்சிக்குக் கீழே

"டோபியாஸ், இந்தப் பட்டாம்பூச்சிக்குக் கீழ என்னய்யா இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா அழகுக்கு வரைஞ்சது."

மேற்பார்வையாளர் கோட்ஷால்க் காபிக் கூஜாவை மேசைமேல் வைத்தார். அந்தச் சாக்சனிப் பீங்கான் ஆலையில் யாரும் அழகுக்குப் பூச்சி வரைவதில்லை. சூளையில் கரும்புள்ளி விழுந்தால் அதன்மேல் ஒரு வண்டு; கீறல் விழுந்தால் நீளமாக ஒரு தும்பி. வரைகிறவர்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். காபி குடிக்கும் பிரபுக்களுக்குத்தான் தெரியாது.

"இளவரசர் கல்யாணத்துக்குப் போற கூஜா. குடை பிடிச்ச சீனாக்காரி, பாலம், மரம், எல்லாம் ஜோர். காலி வானத்துல இது மட்டும் எதுக்கு?"

"வானம் வெறிச்சுனு இருந்துதுங்க."

"எத்தனை பூச்சியைப் பாத்திருப்பேன். எங்கிட்டயேவா?"

"சத்தியமா பழுதில்லீங்க. வேணும்னா வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க."

நல்ல கூஜா என்றால் அரண்மனைக்குப் போகும். அரண்மனை வேலை செய்யும் ஓவியர்களோடு டோபியாஸும் உட்காரலாம். அரண்மனைச் சாமானில் பழுதென்றால், கூலிக்குப் பதிலாக வரைந்தவன் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

"பாரு பாருன்னு சொல்றவன்கிட்ட பாக்கவே வேண்டாம்," கோட்ஷால்க் சிரித்தார். "நீயே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. அரண்மனை ஓவியர்களோட பக்கத்து மேசை லோரென்ஸ் உட்காருவான்."

டோபியாஸ் குனிந்த தலை நிமிராமல் கூஜாவை வைக்கோலில் பொதிந்தான்.

வீட்டில் மகள் உர்சுலா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீனாக்காரியின் முகத்தருகே அவள் விரல் நின்றுவிட்டது.

"அப்பா, இது அம்மா."

"ம்."

போன குளிர்காலக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மார்த்தாவுக்கு வேறு படம் எதுவும் கிடையாது.

"இவ்வளவு நல்லா இருக்கு, எப்படிக் குடுத்தாங்க?"

"பழுதாம்."

உர்சுலா கூஜாவை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் தடவினாள்.

"புள்ளியும் இல்ல, கீறலும் இல்ல. அப்புறம் எதுக்குப்பா பட்டாம்பூச்சி வரைஞ்சீங்க?"

டோபியாஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"அது இல்லேன்னா, உங்கம்மா இந்நேரம் அரண்மனைக்குக் கிளம்பியிருப்பாளே."