சாம்பல் கட்டம்

கைபேசியில் மிச்சமிருந்த டேட்டாவைச் சேவல் சண்டை பார்த்தே தீர்த்த மகராசன் ரோக்கே, சமர் தீவின் கரையோரப் பெட்டிக்கடை வாசலில் தொப்பலாக நனைந்து நிற்கிறான். டேட்டா தீர்ந்தாலும் ஓடும் இலவசச் செயலியில் எழுத்து மட்டும் வருகிறது: புயல் நெருங்குகிறது, வரைபடத்தில் சிவப்பாயிருக்கும் ஊர்க்காரர்கள் உடனே வெளியேறவும். வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம், படத்துக்குக் காசு. துடைத்தால் தெரிந்துவிடும் என்பதுபோலச் சட்டை நுனியால் திரையைத் துடைக்கிறான். எதிரே தங்கள் வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு மனைவி டெலியா அவன் முகத்தையே பார்க்கிறாள். கடையில் தொங்கும் ஷாம்புச் சரங்கள் காற்றில் படபடக்கின்றன. “சேவல் ஜெயிச்சுதா, ரோக்கே?” என்கிறாள் கடைக்காரி பாசிங். “தோத்துருச்சுக்கா. காசு போட்ட உங்க போன்ல நம்ம ஊரு சிவப்பான்னு பாருங்க.” அவள் சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறாள். சிரிப்பு நின்றுபோகிறது. “சிவப்புதான். பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பு.”